துரைசானி எண்ணும் கற்கள்

மம்பட்டியைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் போட்டுவிட்டு வினோஜன் குந்திவிட்டான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. கோட்டை பங்களாப் பக்கம் குழி வெட்ட எங்களால ஏலாது. வேற எடம் சொல்லுங்க."

உள்ளே கிடத்தியிருந்த அழகமுத்து இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். மகள் சந்திரகாந்தாவுக்கோ அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அம்மா பக்கத்தில் புதைக்கணும், அது ஒன்றைத்தான் அப்பா கேட்டிருந்தார்.

எல்கடுவைக்கு மேலே, அயர்லாந்துத் துரை ஒருவன் தன் ஊர்க் கோட்டையைப் போலவே கோபுரம் வைத்துக் கட்டிய பங்களா அது. கூரை விழுந்து எத்தனையோ காலமாயிற்று. அதன் சுவருக்குக் கீழேதான் அம்மாவைப் புதைத்தது. ஊரார் மாட்டுப்பட்டிக்கும் அடுப்புக்கும் கல்லைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். சுவர் போனால் மலை சரிந்து அம்மாவின் குழி அடையாளமே இல்லாமல் போய்விடுமென்று பயந்த அப்பா, ஒரு கதையைக் கட்டிவிட்டார். துரையின் செத்துப்போன பெண்சாதி, அந்தத் துரைசானி, வெள்ளிக்கிழமைதோறும் வந்து கல்லை எண்ணுகிறாளாம். ஒன்று குறைந்தாலும் எடுத்தவன் ரத்தம் கக்குவானாம். அந்தத் துரைக்குக் கல்யாணமே ஆகவில்லை! இது அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். முப்பது வருஷமாக ஒரு கல் நகரவில்லை. யூடியூப்காரர்கள்கூடப் படம்பிடித்துப் போட்டாயிற்று.

'அதெல்லாம் பொய்' என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் தலைமாட்டில் விளக்கெரியும்போதே பெற்ற மகள் அப்பனைப் புளுகன் என்றதாகும். நாளைக்கே கல்லுக்கும் ஆள் வரும்.

சந்திரகாந்தா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள்.

"வினோஜா, விடியக்காலையில கண்ணயர்ந்தேன். துரைசானி கனவுல வந்தாங்க. 'என் கல்ல இம்புட்டு வருஷமா காத்தவன், எங்கிட்டயே அனுப்பு'ன்னாங்க. வெட்டுறவங்களுக்கு ஒரு கொறையும் வராதாம்."

வினோஜன் வாயைப் பிளந்தான். "தமிழ்லயா சொன்னாங்க?"

"பின்ன? எனக்கு இங்கிலீசு தெரியுமா?"

அவன் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

பின்னேரம் அடக்கம் முடிந்து ஆண்கள் இறங்கி வந்தார்கள். வாசலில் நின்று ஒவ்வொருவர் காலுக்கும் சந்திரகாந்தா தண்ணீர் ஊற்றினாள். வினோஜன் கடைசியாக வந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, நீங்க சொன்னது நெசந்தான். மண்ணு போடுறப்ப பாத்தேன். செவரோரமா நின்னாங்க. வெள்ளக் கவுன்."

செம்பில் தண்ணீர் தீர்ந்தது தெரியாமல் அவன் காலுக்கு மேல் சரித்தபடியே நின்றாள்.

"பக்கத்துல அப்பா நின்னாராடா?"