இருமினால் கிளம்பும் கார்

பழங்கார் சங்கத்தின் தலைவர் இருமினால் அவருடைய கார் கிளம்பும். இந்த ரகசியம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் தலைவர். இன்னொருத்தி அவர் மனைவி, எல்லாரும் பேக்கரியம்மா என்று கூப்பிடுகிறவள்.

தொண்ணூறு வயதான அந்தக் காருக்குச் சங்கத்தில் மகாராணி என்று பெயர். முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்புவாள். நாலு வருஷத்துக்கு முன்பு தலைவரின் வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மனுஷன் மூச்சு விடவில்லை. காதும் காதும் வைத்தாற்போல ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்தி, சுவிட்சை முன் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார். அன்று முதல் அவர் வெளியே நின்று கைப்பிடியைப் பேருக்கு ஒரு சுற்றுச் சுற்றி இருமுவார். உள்ளே உட்கார்ந்திருக்கும் பேக்கரியம்மா சுவிட்சை அழுத்துவாள். மோட்டார் சத்தம் யார் காதிலும் விழக் கூடாதே? மகாராணி கிளம்பும்போது மற்றவர்கள் எல்லாரும் ஹார்ன் அடிப்பது சங்கத்தின் மரபு என்று அறிவித்துவிட்டார். அந்த மரபுக்கு வயது நாலு. ஒரு வருஷம் அவருக்கு ஜலதோஷம். கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே இருமித் தொலைத்தார், காரும் கிளம்பித் தொலைத்தது. "என்னைப் பாத்தாலே போதும் இவளுக்கு" என்று சொல்லிச் சமாளித்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

இத்தனை நாள் இந்தக் கூத்தைச் சிரித்துக்கொண்டே சகித்தவளுக்குப் போன மாதக் கூட்டத்தில்தான் பொறுக்கவில்லை.

சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர், சின்ன வயதுப் பெண். "சார், புதுசா சேர வர்றவங்க கைப்பிடியப் பாத்ததும் ஓடிடறாங்க. நாம ஏதோ அருங்காட்சியகம் நடத்தறோம்னு நினைக்கறாங்க. உள்ள மோட்டார் வெச்சுக்கலாம்னு விதிய மாத்திடுவோமே?" என்றாள்.

தலைவர் மேஜையைக் குத்தினார், இடது கையால்தான். "காருக்கு அப்புறம் பொறந்த ஒரு ஆணிகூட உள்ள வரக் கூடாது! வண்டிச் சொந்தக்காரங்க தங்க கையால சுத்தணும். மூணு சுத்துல கிளம்பலேன்னா ஊர்வலத்துல கடைசி இடம். இது என் உசுரு இருக்கற வரைக்கும் மாறாது!"

பின் வரிசையில் பேக்கரியம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, கூசாம எப்படிங்க பேசுனீங்க?"

"இருபது வருஷமா கட்டுன சங்கம்மா. வெளிய தெரிஞ்சா நான் எந்த முகத்தோட போய் அங்க நிப்பேன்?" அவர் குரல் உடைந்தது. அவளுடைய கோபம் அதோடு போன இடம் தெரியவில்லை.

ஊர்வலத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பல் டாக்டர் அவளுக்கு போன் செய்தாள். "ஆன்ட்டி, சங்கத்துக்கு ஒரு படம் எடுக்கறோம். இந்தத் தடவை நீங்க உள்ள உட்காராதீங்க. கார் கிளம்பும்போது நீங்களும் வெளிய நிக்கணும்."

பேக்கரியம்மா சரி என்றாள். வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் அவர் தோளுக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். முப்பது வருஷம் ரொட்டி மாவு பிசைந்த கை அது. இருந்தாலும் முதல் நாள் மகாராணி அசையக்கூட இல்லை. உள்ளங்கை கொப்பளித்தது. ஏழாவது நாள் மகாராணி கிளம்பினாள். எட்டாவது நாள் மறுபடி முரண்டு பிடித்தாள். ஊர்வலத்தன்று காலை, மைதானத்துக்கு வந்து வண்டியை நிறுத்தியதும், அவர் கோட்டிலிருந்து விழுந்த பொத்தானைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், இவள் சீட்டுக்கு அடியில் குனிந்து ஒரு சின்ன வேலை பார்த்துவிட்டுக் கைப்பையை மூடினாள்.

மைதானத்தில் முப்பது கார்கள் பளபளவென்று நின்றன. "ஆன்ட்டி, வெளிய வந்துடுங்க!" என்று பல் டாக்டர் கேமராவோடு கூப்பிட்டாள். கைப்பிடியோடு நின்ற தலைவரின் முகம் சுண்டிப் போயிற்று. இருமிப் பார்த்தார். பயன் என்ன, சுவிட்ச் உள்ளே, ஆள் வெளியே.

பேக்கரியம்மா போய் கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். "நீங்க உள்ள உட்காருங்க. நான் சுத்தறேன்."

"ஏய், தோள் எறங்கிடும்! அதுவுமில்லாம சொந்தக்காரங்கதான் சுத்தணும்னு விதி..."

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

பல் டாக்டர் சங்கப் பதிவேட்டைப் புரட்டினாள். பேக்கரியம்மாவின் அப்பா மகளுக்குக் கொடுத்த கார் அது. அவள் பெயர்தான் இருந்தது. இருபது வருஷமாக யாருக்கும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

தலைவர் ஏறி உட்கார்ந்தார். ஹார்ன்கள் அலறத் தொடங்கின. அவள் முதல் சுற்றுச் சுற்றினாள். ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில் மகாராணி கொஞ்சம் குலுங்கி அடங்கினாள். பேக்கரியம்மாவுக்கு வியர்த்து வழிந்தது. கொப்பளம் உடைந்து எரிந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. நிமிர்ந்து கண்ணாடி வழியாகக் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் இவளைவிட அதிகம் வியர்த்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே ஓங்கி இழுத்தாள்.

மகாராணி உடம்பெல்லாம் அதிர எழுந்துவிட்டாள்.

மைதானமே கத்தியது. தலைவர் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"கை தட்டாதீங்க. உள்ள சுவிட்ச் இருக்கு. நாலு வருஷமா ஏமாத்திக்கிட்டிருக்கேன். இப்பவும் அவ கஷ்டப்படறதப் பாக்க முடியாம நான்தான் அழுத்திட்டேன். அவ மேல தப்பில்ல."

ஹார்ன் எல்லாம் கப்சிப். கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேக்கரியம்மா நிதானமாகக் கைப்பையைத் திறந்து, ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு ஒயர் ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"எதை அழுத்துனீங்க? இது இல்லாம உங்க மோட்டார் எப்படி ஓடும்? காலையிலயே கழட்டிட்டேன்."

முதலில் சிரித்தவர் தலைவர்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருந்தாலும் புது மோட்டார் இருக்கற வண்டிக்குக் கடைசி இடம்தான். அடுத்த கூட்டத்துல விதிய மாத்தச் சொல்லி நானே எழுதித் தர்றேன்" என்றார்.

"கைப்பிடி இருக்கட்டும் சார், எடுத்துடாதீங்க" என்றாள் பல் டாக்டர். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் நாலைந்து பேர் அதற்குள் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தாங்களும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டு நின்றார்கள்.

ஊர்வலத்தின் கடைசியில் மகாராணி போனாள். பேக்கரியம்மா ஓட்டினாள். தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கொப்பளத்துக்குத் துணி கட்டிவிட்டார்.

"ஒயரக் கழட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஊர் முன்னாடி நானே போய் மாட்டிக்கிட்டேன்."

"சொல்லியிருந்தா, நான் தவிக்கறப்ப விதியப் பாப்பீங்களா, என்னைப் பாப்பீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தலைவர் வழக்கம்போல இருமினார்.