அஞ்சரை மீட்டர் நாட்டுக் கோடி

அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வாசல் கிடையாது. ஓட்டல் வழியாகத்தான் ஊருக்குள் போக வேண்டும். முன்பக்கம் நுழைந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, காலி இலையைக் காட்டினால் பின்கதவைத் திறந்துவிடுவார்கள். ஆந்திர எல்லையைத் தாண்டினால் இப்படித்தான் என்று கண்டக்டர் சொன்னார். பஸ்ஸில் வந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் கை கழுவ வரிசையில் நின்றார்கள். அடைக்கலமும் நின்றார்.

அடைக்கலத்துக்குப் புதுக்கோட்டைப் பக்கம். வயது ஐம்பத்தெட்டு. கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் கோடி. சந்தன நிறம், பச்சைக் கரை. தங்கச்சி பூவாயியின் புருஷன் முந்தின நாள் காலையில் செத்துப்போயிருந்தார். புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வந்து விழ வேண்டும். அதற்குத்தான் கோடி என்று பெயர். அது விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். நாலு மணிக்குள் எடுத்தாக வேண்டும். பூவாயி போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அண்ணே, நீ வந்தாத்தான் எடுப்பாக."

பதினோரு வருஷமாக அவளுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோகாத அண்ணன் அவர். தூரம் தூரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்ன பெரிய தூரம்? இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் குற்றம் குத்தியதில் இந்த ஒரு சேலைக்கு நாலு கடை ஏறி இறங்கினார். என்ன விசேஷம் என்று கடைக்காரர் கேட்டபோது நின்ற இடத்தில் அழுதுவிட்டார்.

பிணம் எடுக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணிகூடத் தொடுவதில்லை என்றிருந்தவர் இலை முன்னால் உட்கார்ந்தார். சுவரில் ஒரு பலகை. எழுத்தெல்லாம் ஜிலேபி பிழிந்த மாதிரி இருந்தது. சப்ளையர் வந்தார். சட்டைப் பையில் முனிரத்தினம் என்று தமிழில் தைத்திருந்தது. அடைக்கலத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இரண்டு இட்லி போதும் என்றார். இட்லி உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்றார் முனிரத்தினம். வெளியூர்க்காரர் என்றால் சங்கட்டிதான் என்றார்.

அடைக்கலத்தின் காதில் சங்கடம் என்று விழுந்தது. சங்கடமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். முனிரத்தினம் ஒன்று என்று எழுதிக்கொண்டார். கேழ்வரகுக் களி உருண்டை ஒன்று வந்தது. பச்சைப்பிள்ளைத் தலை அளவு இருந்தது. ஆவி அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டுக்க கோடி கீதா?" என்றார் முனிரத்தினம்.

அடைக்கலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாவுச் சேதி ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறதே என்று பட்டது. பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, இருக்கிறது என்றார்.

அந்த ஊரில் கோடி என்றால் கோழி. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் சொல்வார்கள்?

"நாட்டுதா?"

"எங்க ஊர்லேருந்து எடுத்தாந்தது."

"எத்தினி கிலோ?"

"கிலோ என்ன கிலோ. அஞ்சரை மீட்டரு."

முனிரத்தினம் கொஞ்சம் யோசித்தார். நல்ல வளர்த்திதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அறுத்தாச்சா?"

முன்பின் தெரியாத மனுஷன், தங்கச்சி தாலியை இவ்வளவு பதமாக விசாரிக்கிறாரே என்று அடைக்கலம் நினைத்தார்.

"இன்னும் இல்ல. நான் போயித்தான் அறுப்பாக."

"நீங்க இன்னாத்துக்குணா அலையணும்? இங்கயே அறுத்துடலாம்."

சொல்லிவிட்டு மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடைக்கலம் பதறி எழுந்து பின்னாலேயே ஓடினார். அடுப்படிக்குப் பத்தடிதான். ஓட ஓட அது இருபதடி ஆயிற்று, நாற்பதடி ஆயிற்று. கடைசியில் வேர்த்து விறுவிறுத்து நின்றபோது தன் இலை முன்னாலேயே நின்றார். உள்ளே துணி கிழிகிற சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் கோடி ஒரு தடவை கொக்கரித்தது.

எதிர் இலைக்காரர் அவரை உட்காரச் சொன்னார். அவர் மடியில் ஒரு ரோஜா மாலை. அவரும் சாவுக்கு வந்தவர்தான். என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதற்கு மாலை என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் மாலைவரை உட்காருங்கள் என்றார்களாம். அது எந்த வருஷம் என்று அவருக்கு ஞாபகமில்லை. இந்த ஓட்டலில் மத்தியானம் தாண்டுவதில்லை என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். மணி பன்னிரண்டு.

"சோத்த வச்சுக்கிட்டு யோசிக்காதீங்க," என்றார் மாலைக்காரர். "நான் யோசிச்சேன்."

கோடி வந்தது. சதுரம் சதுரமாக நறுக்கி, மிளகாய்ச் சாந்தில் வெந்து, மேலே கொத்தமல்லி தூவியிருந்தது. கரைப் பீஸ் ஒன்று சேர்த்துப் போட்டிருப்பதாக முனிரத்தினம் பிரியமாகச் சொன்னார். அது பச்சை மாறாமல் கிடந்தது. அடைக்கலம் இரண்டு கையையும் கூப்பினார். தான் சாப்பிட முடியாது, இது தங்கச்சிக்குப் போட வேண்டியது, கட்டிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். பார்சல் கிடையாது என்றார் முனிரத்தினம்.

"வவுத்துலதாணா எடுத்துக்கினு போவணும்."

அப்போது போன் அடித்தது. பூவாயி. மணி மூணேமுக்கால் என்றாள். எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள், பங்காளிகள் தாங்களே ஒரு சேலை எடுத்துப் போட்டுவிடுவதாகச் சொல்கிறார்கள், வேண்டாம் என் அண்ணன் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். அடைக்கலம் இலையைப் பார்த்தார். கோடி கண் முன்னாலேயே இருக்கிறது தாயி என்றார். அது பொய் இல்லை.

"நீயே பாத்து எடுத்ததாண்ணே?"

"நானேதான் எடுத்தேன்."

அது போதும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடைக்கலம் சாப்பிட்டார். வேறு என்ன செய்வார்? களியைக் கிள்ளி, சேலையைச் சேர்த்து, வாயில் போட்டு மென்றார். புதுத்துணிக் கஞ்சி வாசம் அடித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ருசியாகவும் இருந்தது. கண்ணிலிருந்து கொட்டியது இலையில் விழுந்து உப்பைச் சரிசெய்தது. முந்தானையை முழுங்க முடியாமல் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். பச்சைக் கரையைக் கடைசியில் சாப்பிட்டார். முனிரத்தினம் இலையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் பூவாயியின் வாசல். பெஞ்சில் பிணம். பாடை கட்டித் தயாராக இருந்தது. அடைக்கலத்தைக் கண்டதும் பறை நின்றது. பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சு, கொண்டாங்க என்று ஒரு பங்காளி கை நீட்டினார். எல்லோரும் அடைக்கலத்தின் கையைப் பார்த்தார்கள். கை வெறுமனே இருந்தது. மிளகாய் வாசம் மட்டும் அடித்தது.

நடந்ததைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். பல்லிடுக்கில் ஒரு பச்சை நூல் தொங்கியது.

பூவாயிதான் அதைப் பார்த்தாள். எழுந்து கிட்டே வந்தாள். பதினோரு வருஷத்தில் அவள் தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு வார்த்தை ஏசவில்லை. இரண்டு விரலால் நூலைப் பிடித்து இழுத்தாள். அது வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அவள் பொறுமையாகக் கையில் சுற்றிக்கொண்டாள். நாலு மணி ஆகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். இரு என்றாள். அஞ்சரை மீட்டர் சேலைக்கு எத்தனை நூல் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அடைக்கலத்துக்கு நெஞ்சு விம்மியது. தோள் குலுங்கியது.

"அழுவாதண்ணே," என்றாள் பூவாயி. "அறுந்துரும்."

அவர் அழாமல் வாயைத் திறந்தபடி நின்றார்.