பின் டயர் மேல் போட்ட பழி

"அதோ ஒக்காந்திருக்கான் பாரு, அதான்மா ரேடியல்" என்று அப்பா என்னைக் கைகாட்டினார்.

சினேகா என்னைப் பார்த்தாள். பார்வை காலுக்குப் போய், தப்புச் செய்துவிட்டதைப் போலச் சட்டென்று விலகியது. என் பைக்கை வாங்க செங்கத்திலிருந்து வந்திருந்தாள். வேலூரில் ஒரு லேபில் வேலை. டிராக் ரேசில் இரண்டு முறை ஓடியிருக்கிறாள், அடுத்த மாதம் மூன்றாவது முறை. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் பைக் நின்றது, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். இரண்டுமே அடிபட்டு ரிப்பேர் ஆனவைதான். பைக்கைச் சுலபமாகச் சரிசெய்துவிட்டார்கள்.

"ரேடியல் டயர்ல டைம் நல்லா வரும்னு சொல்றாங்களே அங்கிள்?"

"வரும். ஆளு வரமாட்டான். நைலான்தான் போட்டுக் குடுத்திருக்கேன். தயவுசெஞ்சி இத மாத்திடாத."

டயர் விஷயத்தில் எட்டு மாதமாக என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் அப்பாதான் பதில் சொல்வார். பெங்களூர் ரூட்டில் இருபத்தெட்டு வருஷம் அரசு பஸ் ஓட்டும் சுப்பிரமணிக்கு டயரைப் பற்றிப் பேச உரிமை இல்லையா என்ன?

நானூற்றிரண்டு மீட்டர் நேர் ரோடு, அவ்வளவுதான் டிராக் ரேஸ். பச்சை விளக்கு விழுந்ததும் வண்டியின் மொத்த பலமும் பின் டயரில் இறங்கும். எங்கள் ஊர் பஸ், லாரிக்காரர்கள் நைலான் என்று சொல்லும் பழைய வகை டயர் அந்த அடியை மடங்கி வாங்கிக்கொள்ளும். வழுக்கப் போவதற்கு முன் உதறிக் காட்டும், வழுக்கினாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ரேடியல் அப்படி இல்லை. நேராக ஓடும், கடைசி நூறு மீட்டரில் அள்ளிக்கொண்டு போகும், ஆனால் பிடி விட்டால் விட்டதுதான். இதில் எதைப் போடுவது என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சோற்றில் கை வைத்தால் அப்பா நைலான் என்பார், நான் ரேடியல் என்பேன். அம்மா ரசத்தை எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கடைசியில் நான் ரேடியலே போட்டேன்.

அந்த ரேசில் நான்தான் முதலில் கோட்டைத் தாண்டினேன். தாண்டி பிரேக் பிடித்தபோது விழுந்தேன். வலது கால் மூன்று இடத்தில் முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள், முட்டி இனி மடங்காது.

மறுநாள் கண் விழித்தபோது அப்பா காக்கிச் சட்டையோடு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். டூட்டியிலிருந்து அப்படியே வந்திருந்தார், கழுத்துப் பட்டன் தப்பாக மாட்டியிருந்தது. முகம் ஒரே ராத்திரியில் ஒட்டிப்போயிருந்தது. "தலப்பாடா அடிச்சிக்கிட்டனேடா, ரேடியல் வேணாம்னு. டயரு வாரிடுச்சா?" என்றார். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். "ஆமாம்பா. பின் டயர்தான். நைலான் போட்டிருக்கணும்" என்றேன்.

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து நின்றார். டீக்கடையில், டெப்போவில், பஸ் ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொன்னார். நாலு பேர் அவரிடம் வந்து டயர் யோசனை கேட்டார்கள். என்மேல் கோபப்பட அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. என்னை இரண்டு கையாலும் தூக்கிக் குளிப்பாட்டும்போதுகூட அந்தக் கோபத்தோடுதான் குளிப்பாட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

உண்மையில் பின் டயர் ஒரு பாவமும் செய்யவில்லை.

ரேஸ் அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு ஸ்பெஷல் பஸ், அப்பாவுக்கு லீவு கிடையாது. என் ரேஸ் ஒன்றையும் அவர் நேரில் பார்த்ததில்லை, இதற்காவது வருகிறேன் என்று சொல்லியிருந்தார். வரமுடியாத குறைக்கு விடியற்காலையில் எழுந்து, குட்டியானை வேனில் வண்டியை ஏற்றுவதற்குள் பூஜை போட்டார். எலுமிச்சை, சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. ஆயுத பூஜைக்கு டெப்போவில் பஸ்ஸுக்குச் செய்வதுபோல இரண்டு டயருக்கும், ரோட்டில் படுகிற ரப்பர் உட்பட, பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தார். "போட்டோ எடுப்பாங்க இல்ல, நல்லா இருக்கட்டும்" என்றார். ரேஸ் டயரில் யாரும் பாலிஷ் போடமாட்டார்கள், எண்ணெய்ப் பசை அது. கற்பூரத் தட்டோடு சந்தோஷமாக நின்றவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ரேஸ் நடக்கும் இடத்துக்குப் போய்ப் பின் டயரைப் பெட்ரோல் போட்டுத் துடைத்தேன், சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவிட்டுப் புகையக் காய்ச்சினேன். மூன்று மாதமாகப் பின் டயரையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் ஒரு டயர் இருப்பதே மறந்துபோனது. கோட்டைத் தாண்டி முன் பிரேக்கைப் பிடித்ததும் முன் சக்கரம் பாசிப் படிக்கட்டில் வைத்த காலாக வழுக்கியது. மறந்தது நான். ஆனால் பாலிஷ் போட்டவர் அப்பா. இதைத் தெரிந்துகொண்டால் தன் பங்கை மட்டும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர், மொத்தப் பழியையும் எடுத்துக்கொள்வார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டா அங்கிள்? கலெக்டர் ஆபீஸ் ரோடு காலியா இருக்கு."

"தாராளமா."

சினேகா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வெயில் வண்டிமேல் நேராக விழுந்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன். முன் டயர் நாவல்பழம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"காலைல போட்டேன்" என்றார் அப்பா, நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. "வீட்டு வண்டி வெளிய போவுது. பளிச்சுனு குடுக்க வேணாமா?"

"இப்ப ஓட்ட வேணாம். பிரேக் சரியில்ல" என்றேன்.

"இன்னாடா ஒளர்ற? நேத்துதானே மெக்கானிக் பாத்துட்டுப் போனான். சூப்பரா புடிக்குது. நீ போம்மா."

அவள் கிக்கரை உதைத்தாள். வண்டி உயிர் பெற்றது. எட்டு மாதம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன், சந்தோஷப்பட முடியவில்லை. இன்னும் ஒரு நொடி சும்மா இருந்தால் அப்பா காப்பாற்றப்படுவார். அவள்?

"சினேகா, ஆஃப் பண்ணுங்க!"

கத்திவிட்டேன் போல. அவள் அணைத்தாள். நாற்காலியிலிருந்து ஊன்றுகோலில் எழுந்து முன் சக்கரத்தருகே போனேன். அதை விட்டுவிட்டு, மடங்காத காலை நீட்டியபடி வழுக்கித் தரையில் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால் நானாக எழ முடியாது, அப்பா வந்துதான் தூக்கவேண்டும். தோளில் கிடந்த துண்டை நீட்டி, டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் நனைத்துத் தரச் சொன்னேன். அவள் தந்தாள். முன் டயரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"முன்னாடி டயர ஏன்டா தொடைக்கிற?" என்றார் அப்பா.

"பாலிஷ் போட்டா வழுக்கும்பா. பிரேக் புடிச்சா நிக்காது."

துண்டு கறுத்துக்கொண்டே வந்தது. அப்பாவின் செருப்புகள் என் பக்கத்தில் நகராமல் நின்றன.

"அன்னிக்கும் போட்டனே" என்றார்.

நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"பின் டயர்னுதான சொன்ன."

"ஆமாம்பா. பின் டயர்தான்."

சொல்லும்போதே தெரிந்துவிட்டது. இத்தனை நாள் நன்றாக வேலை செய்த பொய், என் கை அந்த முன் டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வேலை செய்யவில்லை. அவர் மறுபடி கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன்.

பாவம், சினேகாவுக்கு என்ன தெரியும்? ஹெல்மெட்டைக் கழற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, பேச்சு விட்ட இடத்தில் தொடர்ந்தாள். "அப்ப பின்னாடி நைலானே இருக்கட்டுங்களா அங்கிள்? இல்ல ரேடியலே பாக்கட்டுமா?"

திருவண்ணாமலையில் எட்டு மாதமாக எல்லாருக்கும் பதில் சொன்னவர் பின் டயரை ஒருமுறை பார்த்தார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "அவனக் கேளு."

காம்பவுண்டு ஓரக் குழாயடிக்குப் போனார். மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர், ஒரு சொம்பு சிந்தினாலும் திட்டுவார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கையை அதில் நீட்டாமல், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அப்பா" என்றேன். சினேகா குனிந்து கையை நீட்டினாள். நான் அதைப் பிடிக்கவில்லை. தண்ணீர் வாசலெல்லாம் ஓடிவந்து என் காலடியை நனைத்தது.