எந்தக் கிணற்றுத் தண்ணீர்?

வாருங்கள், உத்திரமேரூருக்குத் தெற்கே ஏரிக்கரையோரச் சிற்றூர் ஒன்றின் ஊராட்சி அலுவலகச் சுவரை வந்து பாருங்கள்! “இவ்வூர்க் குடிநீர் பருகத் தக்கது” என்று ஆண்டுதோறும் அங்கே ஒரு தாள் ஒட்டப்படுகிறது. எழுபத்தெட்டிலும் ஒட்டினார்கள், எழுபத்தொன்பதிலும் ஒட்டினார்கள். தாளில் பொய் இல்லை. தலைவர் வீட்டெதிரே இருக்கும் குழாயில் பிடித்த நீர் தூயதுதான். ஆனால் அந்தக் குழாய் காலனிக்குப் போகவில்லை. காலனி குடிப்பது கைப்பிடிச் சுவரற்ற ஒரு கிணற்றின் நீரை. மழை பெய்தால் சாணமும் சேறும் வழிந்து அதில்தான் இறங்கும். அந்தக் கிணற்றையும் “இவ்வூர்” என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டார்கள்.

நாற்று நடும் மார்த்தாள் அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுடைய இளைய மகள் காமாலையில் கிடந்து பிழைத்து எழுந்திருந்த நேரம் அது. மறு ஆண்டு, சோதனைக்கு நீர் எடுக்க வந்த சுகாதார ஊழியர் வேதகிரியின் சைக்கிளை மறித்து, காலனிக் கிணற்றுக்கும் வரவேண்டும் என்று கேட்டாள். அவர் தயங்கி, மறுநாள் காலை வருவதாக ஒப்புக்கொண்டார்.

விடிந்ததும் காலனியே திருவிழாக் கோலம் பூண்டது. பெண்கள் கிணற்றடியைப் பெருக்கினார்கள். வருகிறவருக்கென்று ஒரு சோடா வாங்கி வைத்தார்கள். மார்த்தாளின் அக்காள் கணவன் சாமுவேல், பம்பு ஆளிடம் கெஞ்சி வாங்கிய பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு வந்து மூடியைத் திறந்தான். மார்த்தாள் அவன் கையைப் பிடித்தாள்.

“இன்னா மாமா பண்ற? வருசம் பூரா போடாத மருந்த இன்னிக்குப் போடுறியே.”

“வெளியாளு வரான்மே. ஏற்கெனவே நம்மள அழுக்குன்றானுங்க. அத்த கவர்மெண்டு சீலு வெச்சி செவுத்துல வேற ஒட்டணுமா?”

பெண்களில் பலருக்கும் அதே அச்சம்தான். தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட இழிவு, தன்னைச் சுமந்தவனையே இன்று பிறர் செய்த குற்றத்துக்கு மறைப்புக் கட்ட வைத்திருந்தது!

“அழுக்கு நம்மளுது இல்ல மாமா. கொழா போடாதவனுது. கொயந்த கண்ணு மஞ்சளா கெடந்தப்போ, தோள்ல போட்டுக்கினு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுனது நீதான? நல்ல தண்ணின்னு எய்திட்டா நமக்கு எவன் கொழா போடுவான்?”

சாமுவேல் திறந்த டப்பாவோடு கிணற்றுக்குள் குனிந்து பார்த்தான்.

வேதகிரி வந்தார். கொதிநீரில் சுத்தம் செய்து காகிதம் சுற்றிய சீசாவை எடுத்துக்கொண்டு, மருந்து ஏதும் போட்டீர்களா என்று விசாரித்தார். மார்த்தாள் வாய் திறப்பதற்குள் சாமுவேல் டப்பாவை அழுத்தி மூடினான்.

“போடல சார். எங்க தண்ணி இப்பிடித்தான் கீது. அப்பிடியே எடு.”

கயிறு கட்டிய சீசா இறங்கி, கலங்கிய நீரோடு ஏறியது. “மொதல்ல அதுல ஒரு வாய் குடி சார், சோடா அப்பறம் தரோம்” என்றாள் கிணற்றடியைப் பெருக்கியவர்களில் ஒருத்தியான சிட்டம்மாள். கிணற்றடி சிரித்தது. வேதகிரியும் சிரித்தார், ஆனால் குடிக்கவில்லை. வழக்கமாக ஊர்ப் பெயரை மட்டுமே எழுதிச் சீசாவில் ஒட்டும் சீட்டில், அன்று “காலனிக் கிணறு” என்றும் சேர்த்து எழுதினார். மார்த்தாள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகே சைக்கிளுக்கு வழிவிட்டாள். பையிலிருந்த சீசா வெயிலில் மின்னியபடி ஏரிக்கரை மேல் போயிற்று.

உங்கள் ஊர்ச் சுவரிலும் நாளை ஒரு தாள் ஒட்டப்படும். அதன் முன்னே போய் நில்லுங்கள். எந்தக் கிணற்றில் மொண்ட தண்ணீர் இது என்று உரக்கக் கேளுங்கள். விடை வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்!