டீலியா மரினனின் துருத்திப் பெட்டி

கிளேர் கடற்கரையில் உள்ள கில்டராவில், டீலியா மரினன் தன் மகளின் இழவில் வாசிக்கத் தொடங்கிய மெட்டை முப்பது வருஷமாக நிறுத்தவில்லை. மகள் நோனி சாகவில்லை, சிகாகோவுக்குப் போனாள். அமெரிக்கா போனவர் திரும்பிய சரித்திரம் எங்களில் கிடையாது என்பதால், கப்பலுக்கு முன்பே இழவு கூடி, ஆடி, குடித்து, அழுது தீர்த்துவிடுவோம்.

டீலியா வேண்டுமென்றேதான் அந்த மெட்டைப் பிடித்தாள். வாசிப்பு நடக்கும்போது எழுந்து படி தாண்டுவது எங்களில் மரியாதை இல்லை. அந்த மெட்டுக்கோ வாலே கிடையாது. கடைசி ஸ்வரம் முதல் ஸ்வரத்திலேயே போய் விழும், வாசிப்பவர் மனது வைத்தால்தான் நிற்கும். விடிந்து, வாசலில் துறைமுகத்துக்குப் போகும் லாரியும் வந்துவிட்டது.

"அம்மா, போதும். நான் கெளம்பணும்."

"ஒரு சுத்து முடியட்டும்டி."

"முடியாத மெட்டா பாத்து எடுத்துட்டு, ஒரு சுத்தாம்."

நோனி பாதி மெட்டில் படி தாண்டிப் போனாள். அப்போதுதான் டீலியா நிறுத்தப் பார்த்தாள். இரு பக்கமும் கை நுழைத்து விரித்து மூடி வாசிக்கும் துருத்திப் பெட்டியின் தோல்வார்கள் அவளுடைய இரண்டு கைகளையும் விடவில்லை. புருஷன் முர்ட்டி ஆட்டுமயிர்க் கத்தரியால் வார்களை வெட்டினான். தேநீர் கொதிப்பதற்குள் அவை ஒட்டிக்கொண்டன. பாதிரியார் தீர்த்தம் தெளிக்க வந்தார், தன் கால் தாளம் போடுவதைப் பார்த்து வெட்கப்பட்டுப் போய்விட்டார். முர்ட்டி உருளைக்கிழங்கை மசித்து ஊட்டினான். தூங்கும்போது அவள் மெதுவாக வாசித்தாள்.

நோனி சிகாகோவில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தாள். பக்கத்து மேஜையில் நின்ற மிஸிஸிப்பிக்காரி அதைத் தன் தம்பியின் கிதாருக்குக் கொடுத்தாள். அங்கிருந்து அது டிரம்ஸ் கட்டிக்கொண்டு கிங்ஸ்டன், லாகோஸ், ஒசாகா என்று கிளம்பிவிட்டது. எந்தப் பாட்டில் நுழைந்ததோ அந்தப் பாட்டை யாராலும் முடிக்க முடியவில்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் வேறு வழியின்றிக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சத்தத்தைத் தேய்த்தார்கள். ரேடியோவில் பாட்டுகள் முடியாமலே மங்கிப் போவது இதனால்தான்.

முர்ட்டி வாங்கி வைத்த ரேடியோவில், தெரியாத பாஷையில் தன் மெட்டைக் கேட்ட அன்று டீலியா அழுதாள். "அது ஒலகத்தையே சுத்திட்டு வருது. நான் இந்த அடுப்படியத் தாண்டல." முர்ட்டி அவள் மூக்கைத் துடைத்துவிட்டான், அவளால் முடியாதே.

முர்ட்டி செத்தபோது, நிஜ இழவிலும் அவள் அதையே வாசிக்க வேண்டியிருந்தது. குதூகலமான மெட்டு வேறு, பாவம். நோனி ஒரு வார லீவில் விமானமேறி வந்தாள். டீலியா கட்டிக்கொள்ளக் கைகளை விரித்தாள்; பெட்டியும் விரிந்ததுதான் மிச்சம். நோனி பக்கத்தில் உட்கார்ந்து, இடது வாருக்குள் தன் விரல்களை நுழைத்தாள். டீலியாவின் இடது கை வெளியே வந்தது. வெளுத்துப் போயிருந்த அந்தக் கையை அவள் மகளின் கன்னத்தில் வைத்தாள். நோனியின் கை வாரில் சிக்கிக்கொண்டது.

"ஒரு வாரந்தான் லீவுன்னியே?"

"ஒரு சுத்து முடியட்டும்மா."

விமானம் அவளில்லாமல் போயிற்று. ஆளுக்கு ஒரு கையால் வாசிக்கிறார்கள், மறு கையால் தேநீர் குடிக்கிறார்கள். வாசிப்பு நடக்கும்போது எழுந்து வருவது மரியாதை இல்லை என்பதால், இப்போது நாங்கள் யாரும் உள்ளே போவதில்லை. பாலையும் சோடா ரொட்டியையும் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுகிறோம்.