கட்டி வைத்த சுவிட்ச்

என் வலது கை ஆட்காட்டி விரல் காலையில் மடங்கியே கிடக்கும். நான் எழுந்து அரை மணி நேரம் கழித்துத்தான் அது எழும். இடது கையால் பிடித்து இழுத்தால் டக்கென்று நிமிரும், வலி முழங்கை வரை ஓடும். பதினேழு வருடம் மெஷின் சுவிட்சை அழுத்திய விரல். ஒரு ஊசி போடலாம், ஆனால் ஒரு மாதம் மெஷினைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். அந்த ஒரு மாதம் என் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று காலை சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டினேன். கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்ப மெஷினின் சுவிட்சை அழுத்தி, அப்படியே மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். வேலை இடத்து ஹாலில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சுவிட்சைப் போட்டால் மெஷின் ஓடும், அணைத்தால் நிற்கும். விரலுக்கு ஓய்வு. பாக்ஸ் பக்கம் நடப்பதும் பலகையின் முனை பிடிப்பதும் என் மச்சினன் வேலை.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் என்னைவிட நேராக அறுப்பான். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவன் இடது கையில் சுண்டு விரல் முழுதாகவும் மோதிர விரல் பாதியும் போயின.

அது எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன். மெஷினின் அடியில் ஒரு மூடி உண்டு. பிளேடு மரத்தை விட்டு வெளியே வந்ததும் அது தானாகச் சுழன்று வந்து பற்களை மூடிக்கொள்ளும். மெல்லிய மரச்சட்டம் அறுக்கும்போது அந்த மூடி விளிம்பில் முட்டும், கோடு கோணும். அதனால் மூடியைப் பின்னால் தள்ளி, இடுக்கில் ஒரு சின்ன மர ஆப்பைச் செருகிவிடுவோம். பிளேடு திறந்தே இருக்கும். தொழிலில் பாதிப்பேர் இதைச் செய்கிறார்கள். மீதிப்பேர் செய்வதில்லை என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு மச்சினன் அறுத்து முடித்து, மூடி மூடியிருக்கும் என்ற நம்பிக்கையில், பிளேடு ஓய்வதற்குள் மெஷினைத் தரையில் வைத்துக் கையை ஊன்றினான். மூடியில் ஆப்பு இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நான் வைத்தது. எடுக்க மறந்துவிட்டேன். அவனிடம் சொல்லவும் இல்லை.

அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வேலை நடந்த மாடிக்குத் திரும்பி வந்தேன். ஒரு பக்கம் ரத்தம் பட்டிருந்த ஆப்பை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கேட்டவர்களிடம், "போனைப் பாத்துக்கிட்டே மெஷினை வெச்சான்" என்றேன். அந்த நேரத்தில் அவன் போன் அடித்தது நிஜம்தான். கூப்பிட்டது அவன் அக்கா, என் மனைவி. அதனால் அவனும் நம்பினான். அவளும் நம்பினாள். தம்பியின் கையைப் பார்க்கிற போதெல்லாம் அவள் முகம் போகிற போக்கை நான் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

கட்டுப் பிரித்து அவன் வேலைக்கு வந்த அன்று எல்லாரும் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள். "வாடா எட்டரை" என்று கூப்பிட்டவன் நான். சிரித்துவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்று காலை வேலை ஒரு புதுக் கட்டடத்தின் நாலாவது மாடியில். படுக்கை அறைக்குள் அலமாரி. அவன் டியூப் கட்டைப் பார்த்தான்.

"சுவிட்சைக் கட்டாதீங்க மாமா. கரண்டு போயிட்டு வந்துச்சுன்னா மெஷின் தானா ஓடும்."

"ஓடினா புடிச்சு நிறுத்த நீ இருக்கியே, எட்டரை."

கீழ்த் தளத்தில் டைல்ஸ் ஒட்டுகிறவர் சுத்தியல் இரவல் வாங்க வந்திருந்தார். அவர் சிரித்தார். மச்சினன் சிரிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி அப்படிக் கூப்பிட்டீங்கன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். அப்புறம், அந்தப் பலகைங்களைச் செங்குத்தா சாத்தியிருக்கீங்க. கொஞ்சம் சரிச்சு வைங்க."

"உத்தரவுங்க துரை."

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. சுவரிடம் பேசினான். "முனையை யாராச்சும் தூக்கச் சொன்னா தூக்கலாம்" என்று சுவருக்குத் தகவல் சொன்னான்.

மதியத்துக்குள் இருபத்தாறு சட்டம் வேண்டும். ஐந்து மாதமாக அவன் கண்முன் செய்யாததை இன்று செய்தேன். அதே ஆப்பு. நல்ல அளவில் பொருந்துகிற ஆப்பை யார் தூக்கிப் போடுவார்கள்? அவன் நிற்கிற முனையிலிருந்து மெஷினின் அடிப்பக்கம் தெரியாது. சட்டங்கள் முடிந்து பெரிய பலகையைப் பிளக்கத் தொடங்கியும் நான் அதை எடுக்கவில்லை.

பலகையில் பாதி போனபோது கரண்டு போனது. மெஷின் முனகி, வெட்டுக்குள்ளேயே நின்றது.

"டீக்குப் போறவங்க போறாங்க" என்று சுவரிடம் சொல்லிவிட்டு மச்சினன் இறங்கினான். தூசி கீழே வருகிறது என்று டைல்ஸ்காரர் காலையில் சத்தம் போட்டிருந்ததால், போகும்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

நான் மெஷினுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். விரலை நீவிக்கொண்டேன். அடுத்த பலகையின் முகம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன். எழ வேண்டும், திரும்ப வேண்டும். உடம்பு வரவில்லை. உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் விட்டு, சுவரில் சாத்திய பலகையை இழுத்தேன். ஒன்றைத்தான் இழுத்தேன். ஐந்தும் வந்தன.

பாதி அறுத்த பலகையின்மேல் முகம் குப்புற விழுந்தேன். இடுப்புக்குக் கீழே ஐந்து பலகையும் என்மேல். இடது கை நெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் கிடந்த கட்டை கொஞ்சம் எடையை வாங்கிக்கொண்டது, இல்லையென்றால் எலும்பு மாவாகியிருக்கும். மூச்சு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மெஷின் எனக்கு நேர் எதிரே, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகத் தூரத்தில், வெட்டுக்குள் குந்திக்கொண்டிருந்தது. அது அறுத்து வந்த கோடு நேராக என் தாடைக்குக் கீழே வந்து முடிந்தது.

அப்போதுதான் வெட்டின வாயைப் பார்த்தேன்.

அந்தப் பலகையின் நடுவுக்கு அடியில் கட்டை வைக்காமல் இரண்டு ஓரத்தில் மட்டும் வைத்திருந்தேன். என் எடையில் நடு தாழ்ந்து, வெட்டின வாய் பிளேடை இறுக்கிப் பிடித்திருந்தது. பிளேடை மரம் இறுக்கிப் பிடிக்கும்போது ஓடுகிற மெஷின் முன்னால் போகாது. வந்த வழியே பின்னால் எகிறும். அதனால்தான் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காதே, பக்கத்தில் நில் என்பார்கள். நான் நிற்கவில்லை, கோட்டின்மேல் படுத்திருந்தேன். மூடி திறந்திருந்தது. சுவிட்ச் கட்டியிருந்தது. கரண்டு மட்டும்தான் பாக்கி.

அறையின் நடுவில், கூரை வயரில் ஒரு பல்பு தொங்கியது. ஹாலில் பாக்ஸ் சுவிட்சைப் போலவே அதையும் யாரும் அணைக்கவில்லை. அது எரியும்போது மெஷினும் ஓடும். கட்டிக்கொண்ட பெண்டாட்டியைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. இமைக்காமல் அந்தப் பல்பையே பார்த்தேன்.

காலையில் இரண்டு முறை கரண்டு போயிருந்தது. ஒரு முறை பத்து நிமிடம். ஒரு முறை முக்கால் மணி.

வலது கையை நீட்டினேன். நடுவிரல் நுனி டியூபைத் தொட்டது. தொட்டது, அவ்வளவுதான். பிடிக்க ஆட்காட்டி விரல் வேண்டும். அது மடங்கிப் பூட்டிக்கொண்டிருந்தது. நிமிர்த்த இடது கை வேண்டும். அது என் நெஞ்சுக்கு அடியில். விரலைத் தரையில் வைத்து அழுத்தினேன். டக்கென்றது, கண்ணில் நீர் வந்தது, நிமிர்ந்தது. நீட்டினேன். நகம் டியூபில் பட்டது. மூன்று சுற்று, நன்றாக இழுத்து, இரட்டை முடிச்சு. என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

மெஷினின் வயரை இழுத்துப் பார்த்தேன். அது விழுந்த பலகைகளுக்கு அடியில் போய்க் கதவு இடுக்கு வழியாக ஹாலுக்குப் போனது. அசையவில்லை.

கத்தினேன். கரண்டு இல்லாத கட்டடத்தில் யார் இருப்பார்கள்? எல்லாரும் கீழே நிழலில். ஒரு சிரிப்புச் சத்தம் தூரத்தில் கேட்டது. தலையை ஒரு ஜாண் திருப்ப முடிந்தது. முகம் தப்பும், கழுத்து தப்பாது. திருப்பினால் பல்பு தெரியவில்லை. பல்பைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மறுபடி நேராக வைத்துக்கொண்டேன்.

சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தேன். அவன் வந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுகிறேன். யாரிடம் இந்தப் பேரம் பேசினேன் என்று தெரியவில்லை. பல்பிடம்தான் பேசியிருக்க வேண்டும்.

படியில் செருப்புச் சத்தம். ஹாலுக்குள் வந்தது.

"எட்டரை! டேய் எட்டரை!"

செருப்புச் சத்தம் நின்றது.  பிறகு கதவிடம் சொன்னான்: "உள்ள இருக்கறவங்களுக்கு டீ வாங்கியாந்திருக்கு. வெளிய வெச்சிருக்கு. வேணும்னா எடுத்துக்கலாம்."

"எட்டரை, பிளக்கைப் புடுங்குடா!"

செருப்பு நகர்ந்தது. படிப் பக்கம்.

"மாப்ள!" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "மாப்ள, மாட்டிக்கிட்டேன். சுவிட்ச் கட்டியிருக்கு. பிளக்கைப் புடுங்கு, சாமி."

அவன் ஓடினான். "எது மாமா? நாலு வயர் இருக்கு, எல்லாம் கறுப்பு!"

"எல்லாத்தையும் புடுங்கு!"

டப், டப் என்று பிளக்குகள் தரையில் விழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது சத்தம் கேட்டதும் பல்பு எரிந்தது.

மெஷின் அசையவில்லை. கீழே டைல்ஸ் கட்டர் மட்டும் வீலென்று கத்தத் தொடங்கியது. நான் நெற்றியைப் பலகையில் வைத்து அழுதேன்.

பலகைகள் கதவை முட்டிக்கொண்டிருந்தன. தோளால் நாலைந்து இடி இடித்து இடுக்கில் நுழைந்து வந்தான். என்னைத் தொடுவதற்கு முன்னால் மெஷினை அசைத்து அசைத்து வெட்டிலிருந்து எடுத்தான். பழக்கம். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். ஆப்பை உருவி ஜன்னல் கட்டையில் வைத்தான். 

முதல் பலகையைத் தூக்கினான். இரண்டாவதைத் தூக்கினான். மூன்றாவதைத் தோளில் தாங்கி என் தலைக்கு மேல் நின்றபோது கேட்டான்.

"மாமா."

"ம்."

"இந்த ஆப்பு புதுசா, பழசா?"

நாற்பது கிலோ அவன் தோளில். அதற்குக் கீழே நான்.

"புதுசு. காலைல செதுக்கினேன்."

"ஒரு பக்கம் கறுப்பா இருக்கே."

"எண்ணெய் பட்டிருக்கும்."

அவன் பலகையைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினான். சரியான சாய்வில் சாத்தினான். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதை என்மேல் போட்டிருக்க மாட்டான். கேட்டபோதே எனக்கு அது தெரியும்.

மிச்ச இரண்டையும் நகர்த்திவிட்டு, இடது கையைக் கொடுத்து என்னை எழுப்பினான். மூன்றரை விரலின் பிடி. இரும்பு மாதிரி இருந்தது. கால்கள் மரத்திருந்தன, ஆனால் நின்றன.

ஜன்னலிலிருந்து ஆப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"டீ ஆறிப்போச்சு" என்றான். என்னிடம் சொன்னானா சுவரிடம் சொன்னானா தெரியவில்லை.

அவன் விரல் போனது போனைப் பார்த்ததால் அல்ல, நான் வைத்த ஆப்பால். இந்த ஒரு உண்மையை நான் அவனுக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.