கதையில் வரும் நான்

"இந்த 'நான்' யாரு தம்பி?" என்று கேட்டார் ரெங்கசாமி. மலாயாவில், கோலசிலாங்கூர்ப் பக்கத்துப் போலீஸ் நிலையம் ஒன்றில் வெள்ளைக்கார அதிகாரிக்கு மொழிபெயர்ப்பவர் அவர். மேசைமேல் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. அதில் கார்த்திகேசுவின் கதை. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான அவனுக்கு அச்சில் வந்த முதல் கதை. காலையில்கூட நாலு முறை படித்துப் பூரித்திருந்தான், பாவி.

"அது நான் இல்லீங்க ஐயா. கதை சொல்ற ஆளு. எழுதினவன் வேற, அவன் வேற."

போன மாதம் மீரா முகைதீன் சாப்பாட்டுக் கடையில் கூடிய வாசகர் வட்டத்திலும் இதே பேச்சுதான். கம்யூனிஸ்ட்டாகிக் காட்டில் ஒளிந்திருக்கும் மகனுக்கு அரிசி கடத்தும் தகப்பனின் கதை. 'அவன்' என்றுதான் கார்த்திகேசு எழுதிப்போய் வாசித்தான். ஒரு பிடி அரிசி தோட்டத்துக் கேட்டைத் தாண்டினாலும் சிறை என்றிருந்த அவசரகாலம். வட்டத்தை நடத்தும் ஷேக் தாவூது உதட்டைப் பிதுக்கினார். "வேலிக்கு வெளிய நின்னு பாக்குற மாதிரி இருக்குலா. அந்த ஆளுக்குள்ள போயி எழுதுங்க. 'நான்'னு சொல்லட்டும், படிக்கிறவன் நெஞ்சு அடிச்சுக்கும்." மாற்றினான். இப்போது அடித்துக்கொண்டது இவன் நெஞ்சு.

அவன் பதிலை ரெங்கசாமி ஆங்கிலத்தில் சொன்னதும் அதிகாரி தலையாட்டினார். கதை படிக்கிற மனுஷன் போலிருக்கிறது. பிறகு, ரெங்கசாமி அடிக்கோடிட்டிருந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

"அது நீ இல்லன்னு துரை ஒத்துக்கிறாரு. ஆனா, வெத்தலைப் பையில, பாக்குக்கு அடியில நாளுக்கு ஒரு பிடி அரிசின்னு எழுதியிருக்க. நேத்து ஒரு பொம்பளைய அப்படி அனுப்பிப் பாத்தோம். காவக்காரன் பையைத் தொறக்கவே இல்ல. நீ செய்யலன்னா செஞ்சது யாரு? பேரைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போ. இல்லன்னா தடுப்புக் கேம்ப், அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்."

ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் காளியம்மா, தான் செய்வதாகக் கார்த்திகேசுவிடம் சொன்னது அது. மகன் சன்னாசி காட்டுக்குப் போனதைச் சொல்லி அழுது தீர்த்துவிட்டு, "யாருகிட்டயும் சொல்லிராதய்யா" என்று இவன் கையைப் பிடித்துக்கொண்டவள். கதையில் தாயைத் தகப்பனாக்கினான், பேர்களை மாற்றினான், தோட்டத்தை மாற்றினான். அந்தப் பையை மட்டும் விட மனம் வரவில்லை. எழுதுகிறவன் புத்தி! அவ்வளவு நல்ல இடத்தை எவன் வெட்டுவான்? தன்மேல் அவனுக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது.

"நான்தான் ஐயா செஞ்சேன்."

ரெங்கசாமி பேனாவைக் கீழே வைத்தார். "நீ வெத்தலை போடுவியா?"

"போடுவேன். சின்ன வயசுலேருந்து."

"வாயைத் தொற."

திறந்தான். ரெங்கசாமி குனிந்து பார்த்தார். பல்லில் பொட்டுக் கறை இல்லை. என்னவென்று அதிகாரி கேட்டார். ரெங்கசாமி அந்த வெள்ளைப் பற்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.